பிள்ளைக்கு என்ன தெரியும்? பெற்றோருக்கான கற்றல் செயலியை வடிவமைப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்துகிறது: மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம். தாராவியில் ஒரே வீட்டில் அண்ணன் தமிழ் மீடியத்திலும் தம்பி மராத்தி மீடியத்திலும் படிப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகும். எந்த மீடியமானாலும் மராத்தி கட்டாயப் பாடம். 2020-இல் வந்த மகாராஷ்டிரச் சட்டம் எல்லா வாரியப் பள்ளிகளுக்கும் அதை விதித்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். மராத்தி, காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்கு வரும், வாசிக்க வராது. பள்ளியிலிருந்து அவர் கைக்கு ‘பிரகதி புஸ்தக்’, அதாவது மராத்தியில் முன்னேற்ற அட்டை, வருகிறது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்.

பிள்ளையின் படிப்பைப் பெற்றோர் தெரிந்துகொள்ள உதவும் செயலி என்றதும், அந்தப் பிரகதி புஸ்தகத்தை அப்படியே போனுக்குள் கொண்டுவருவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வருகைப் பதிவு, மார்க், வீட்டுப்பாடம், ஃபீஸ் கட்டும் தேதி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பெட்டி. பள்ளி அலுவலகத்துக்கு இது மிகவும் உதவும். ஆனால் அந்த அம்மா டீச்சரை நேரில் பார்த்தால் கேட்பது வேறு: “டீச்சர், எங்க பய எப்படி படிக்கான்?” இந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லும் செயலியை எப்படி யோசித்துக் கட்டுவது என்பதை, வடிவமைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிச் செயலி மூன்றே விஷயங்களைச் சொன்னால் போதும். பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும், அடுத்து எது வர வேண்டும், அதற்கு இன்று ராத்திரி வீட்டில் என்ன செய்யலாம். இதற்கு மேல் சேர்ப்பதெல்லாம் இந்த மூன்றையும் மறைக்காமல் இருந்தால்தான் சேர்க்கலாம்.

மார்க்குக்குப் பின்னால்

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கில் 20-க்கு 12 வாங்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விடைத்தாளைப் பார்க்கிறோம். 48-இல் 23 போனால் 25 என்று எழுதியிருக்கிறான். சரி. 52-இல் 27 போனால் 35. தப்பு. 61-இல் 38 போனால் 37. அதுவும் தப்பு. கவனக்குறைவு என்று தோன்றும். ஆனால் இரண்டு தவறும் ஒரே இடத்தில் பிறந்தவை. ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது. அதனால் பையன் திருப்பிப்போட்டு 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறான். அடுத்ததிலும் 8-இலிருந்து 1. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-இல் இதைத்தான் எழுதினார்கள். பிள்ளைகளின் கணக்குத் தவறுகளில் பலவும் ஏனோதானோவென்று வருபவையல்ல. ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை. அந்த விதியைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

‘20-க்கு 12’ என்ற எண்ணுக்குள் இது எதுவும் இல்லை. அதைப் பார்க்கும் அப்பா “இன்னும் நல்லா படிக்கணும்லே” என்பார். வேறு என்ன சொல்ல முடியும்? அதே இடத்தில் செயலி இப்படிச் சொன்னால்? “இரண்டு இலக்கக் கழித்தல் வருகிறது. கடன் வாங்க வேண்டிய கணக்கில் மட்டும் நிற்கிறான்.” இப்போது வீட்டில் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, சைக்கிளில் நகரமெங்கும் கொண்டுபோய் விற்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்த வீடுகளில் தினமும் சில்லறை எண்ணுகிறார்கள். எண்ணும்போது பத்து ரூபாய் நோட்டு ஐந்தையும் ஒரு ரூபாய்க் காசு இரண்டையும் பையன் முன்னால் வைத்து, “இதுல 27 ரூவா எடுத்துக் குடு” என்றால் போதும். கையில் இருக்கிற இரண்டு காசில் ஏழு காசு எடுக்க முடியாது என்பது அவனுக்கே தெரியும். ஒரு பத்து ரூபாயை அம்மாவிடம் கொடுத்துச் சில்லறை மாற்றிக்கொள்வான். இப்போது பன்னிரண்டு காசு. ஏழு போனால் ஐந்து. மிச்சமிருக்கும் நான்கு நோட்டில் இரண்டு போனால் இரண்டு. கீழே கிடப்பது 25. தாளில் 35 என்று எழுதிய அதே பையன், காசில் தப்பு செய்யமாட்டான். பிறகு காசில் செய்ததையே தாளில் எழுதச் சொல்ல வேண்டும்.

இந்தக் குறிப்பைச் செயலியில் எழுதும்போது ஒரு கவனம். மராத்திப் பள்ளியில் பையன் ‘ஹாத்சா’ என்று படிப்பான். அம்மா ஊரில் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று படித்தவர். குறிப்பில் இரண்டும் அருகருகே இருக்க வேண்டும்.

படிகளை எப்படி அமைப்பது

ஒரு பாடத்தில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்ல, முதலில் அந்தப் பாடத்தைப் படிகளாகப் பிரிக்க வேண்டும். இதற்கு நல்ல முன்மாதிரி மும்பையிலேயே பிறந்திருக்கிறது. 1995-இல் இந்த நகரத்தின் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது பிரதம் அமைப்பு. அது 2005-இலிருந்து நடத்திவரும் அஸெர் கணக்கெடுப்பில் வாசிப்பைச் சோதிக்க ஒரே ஒரு தாள்தான். எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவில் சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் குட்டிக் கதை. பிள்ளை எதுவரை சிரமமில்லாமல் வாசிக்கிறதோ அதுதான் அதன் படி. கணக்கிலும் அப்படியே: 1 முதல் 9 வரை எண்களை அறிதல், 11 முதல் 99 வரை, கடன் வாங்கும் கழித்தல், வகுத்தல். இந்தக் கணக்கெடுப்பு கிராமப்புறத்துக்கானது; நகரத்துச் செயலிக்கு அதன் எளிமையைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். வாசிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூட “சொல்லு வாசிக்கான், கதை இன்னும் வரல” என்பது புரிந்துவிடும்.

அரசு வைத்திருக்கும் இலக்குகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். 2021 ஜூலை 5 அன்று தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை பொருள் புரிந்து நிமிடத்துக்கு 60 சொல்லாவது வாசிக்க வேண்டும், 9999 வரை எண்களை எழுதவும் வாசிக்கவும் வேண்டும் என்கிறது. 2026-27-க்குள் எல்லாப் பிள்ளைகளும் இந்த அடிப்படைத் திறனை எட்ட வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம். ஆனால் இந்த 60-ஐப் பெற்றோர் திரையில் ஓட்டப்பந்தய நேரம் மாதிரிக் காட்டிவிடக் கூடாது. அப்படிக் காட்டினால் வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை விரட்டத் தொடங்குவார்கள். பொருள் புரிந்து என்ற சொல்தான் அதில் முக்கியம். அது எண்ணைப் போலக் கண்ணில் படாது. “வாசித்தது என்ன கதை என்று கேளுங்கள்” என்பதைத் திரையில் எண்ணைவிடப் பெரிதாகப் போடலாம்.

தேசிய அளவில் பாடநூல்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டி 2017-இல் வெளியிட்ட கற்றல் விளைவுகள் பட்டியலை முழுதாகப் பெற்றோர் திரையில் ஏற்றுவதும் வேண்டாம். அது டீச்சருக்கு அவசியம். பெற்றோருக்கு ஒரு பாடத்துக்கு ஆறு, ஏழு படி போதும். அதிலும் ஒரு நேரத்தில் இரண்டைத்தான் காட்ட வேண்டும். லோக்கல் ரயிலில் இப்போது சயான், அடுத்து குர்லா என்று மட்டும் அறிவிப்பு வருகிறது. கல்யாண் வரை எல்லா ஸ்டேஷனையும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்வதில்லை. முழு வரிசையைப் பார்க்க விரும்புகிறவர் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

கேட்டு அறியும் சான்று

மராத்தி வாசிக்கத் தெரியாத அம்மாவிடம், “உங்கள் மகன் மராத்திப் பத்தியை வாசிக்கிறான்” என்று எழுதிக் காட்டுவதில் பாதிப் பயன்தான். அவர் அதை நம்பலாம், சரிபார்க்க முடியாது. இந்த இடத்தில் போனிடம் உள்ள மிகச் சிறந்த வசதி ஒலிப்பதிவு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முப்பது விநாடி வாசிப்பைப் பதிவு செய்கிறோம். தீபாவளி லீவு முடிந்து வந்ததும் அதே அளவு கடினமுள்ள இன்னொரு பத்தியைப் பதிவு செய்கிறோம். இரண்டையும் ஒரே திரையில் மேலும் கீழும் வைக்கிறோம். முதல் பதிவில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுத் தடுமாறி, நடுவில் மூச்சு வாங்கி, ஒரு சொல்லை மூன்று தடவை சொல்கிறான். இரண்டாவதில் வாக்கியம் ஒரே ஓட்டமாக வருகிறது, முற்றுப்புள்ளியில் குரல் இறங்குகிறது. மொழி தெரியாவிட்டாலும் இந்த வித்தியாசம் காதில் விழும். மகன் முன்னேறியிருக்கிறான் என்பதை அந்த அம்மா தானே கேட்டுத் தெரிந்துகொள்கிறார். எந்த வரைபடமும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒப்பிடுவது அதே பிள்ளையின் ஜூன் மாதக் குரலோடு என்பதையும் கவனியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை இதில் வரவில்லை.

எழுத்துக்கும் கணக்குக்கும் நோட்டுப் பக்கத்தின் புகைப்படம் போதும். ஒரே ஒரு பக்கம், அதில் டீச்சர் ஒரு இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, குரலில் பத்து விநாடி பேசினால் சரியாகிவிடும். படத்தையும் ஒலியையும் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். நாளுக்கு இவ்வளவு என்று அளந்து ரீசார்ஜ் செய்கிற வீட்டில் டேட்டா சாயங்காலத்துக்குள் தீர்ந்திருக்கும்.

2020 தேசியக் கல்விக் கொள்கையும் முன்னேற்ற அட்டையை மாற்றச் சொல்கிறது. பிள்ளை தன்னைத் தானே மதிப்பிடுவதும், சக மாணவர்கள் மதிப்பிடுவதும் அதில் இருக்க வேண்டும், வீட்டுக்கும் பள்ளிக்கும் அது பாலமாக வேண்டும் என்கிறது. என்சிஇஆர்டியின் கீழ் இயங்கும் பரக் என்ற மதிப்பீட்டு அமைப்பு அதற்கான முழுமை முன்னேற்ற அட்டைகளைத் தயாரித்திருக்கிறது. செயலி செய்ய நினைப்பவர்கள் அவற்றை ஒரு முறை படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பிள்ளை சொல்வதற்கு அங்கே இடம் இருக்கிறது; நம் செயலியிலும் இருக்க வேண்டும். “எனக்கு இது வருகிறது, இது கஷ்டமா இருக்கு” என்று பிள்ளையே குரலில் சொல்ல ஒரு பொத்தான் வைக்கலாம்.

டீச்சர் எப்போது நிரப்புவார்

பெற்றோர் செயலி என்று பெயர் வைத்தாலும் அதை உயிரோடு வைத்திருப்பவர் டீச்சர். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். வகுப்பில் முப்பது பேர், ஆளுக்குப் பத்துத் திறன் என்றால் ஒரு வாரத்தில் 300 பதிவு. யாராலும் உண்மையாக நிரப்ப முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் உட்கார்ந்து எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொத்தானை அமுக்கிவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அந்தப் பொய்த் தகவல் அழகான பச்சை நிறத்தில் பெற்றோரிடம் போய்ச் சேரும். ஒன்றும் சொல்லாத செயலியைவிட இது மோசம்.

ஆகவே வாரத்துக்கு ஒரு திறன். இந்த வாரம் கடன் வாங்கும் கழித்தல் என்றால் அது மட்டும். வகுப்பில் நடக்கும்போது டீச்சர் ஐந்தாறு பிள்ளைகளைப் பார்த்து, பெயரைத் தொட்டு, ‘வந்துவிட்டது’, ‘உதவியோடு வருகிறது’, ‘இன்னும் வரவில்லை’ என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்கலாம். பார்க்காத பிள்ளைக்கு ‘இன்னும் பார்க்கவில்லை’ என்றே இருக்க வேண்டும். இதில் ஒரு சபலம் வரும். குறிக்காதவர்களை எல்லாம் தானாகவே ‘வந்துவிட்டது’ பட்டியலில் சேர்த்துவிட்டால் டீச்சருக்கு வேலை குறையுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிற ஒரே ஒரு திரை போதும், அம்மாவின் நம்பிக்கை போய்விடும்.

போன் யார் கையில், எந்த நேரத்தில்

வீட்டில் நல்ல போன் ஒன்றுதான். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்கு வரும். மத்தியானம் இரண்டு மணிக்கு அனுப்பிய நோட்டிஃபிகேஷன் அதற்குள் நாற்பது செய்திக்கு அடியில் போயிருக்கும். எந்த நேரம் அனுப்ப வேண்டும் என்பதைக் குடும்பமே தேர்ந்தெடுக்க விட வேண்டும். அம்மா, அப்பா, பாட்டி, மாமா என்று ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று பேரைச் சேர்க்க முடிய வேண்டும். ஒரே போனில் இரண்டு பள்ளி, இரண்டு பிள்ளை இருக்க முடிய வேண்டும். ப்ரீபெய்டு நம்பர் மாறினால் பழைய பதிவெல்லாம் தொலைந்துவிடக் கூடாது. டீச்சரிடம் சொன்னால் புது நம்பரில் தொடர வழி வேண்டும். பாஸ்வேர்டு என்ற ஒன்றே வேண்டாம்.

தமிழ் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எழுதிய தமிழைவிடப் பேசுகிற தமிழ் முக்கியம். ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் ஒலிபெருக்கிப் படம், தொட்டால் வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளை படிக்கும் சொற்கள் பள்ளி மொழியிலேயே நிற்கட்டும். விளக்கம் மட்டும் வீட்டு மொழியில். “பிள்ளையின் எண்ணறிவு மேம்பாட்டு நிலை” என்று எழுதினால் யாருக்கும் எட்டாது. “நூறு வரை எண்ணத் தெரியும்” என்று எழுதுங்கள். நிறத்தில் சிவப்பைத் தவிர்த்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் சிவப்பு என்றால் ஃபெயில் என்று எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். பிள்ளை படி ஏறிக்கொண்டிருப்பதைச் சொல்லும் திரையில் அந்த நிறம் தப்பான சேதி சொல்லும்.

எத்தனை செய்தி அனுப்பலாம்? அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில், பள்ளி சேரும் முன் வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஒரு திட்டத்தைச் சோதித்தார்கள். வாரம் மூன்று குறுஞ்செய்தி: ஒன்றில் ஏன் இது முக்கியம், அடுத்ததில் வீட்டில் செய்ய ஒரு சின்ன வேலை, மூன்றாவதில் ஊக்கமும் அதே வேலையின் அடுத்த கட்டமும். பெற்றோர் வீட்டில் பிள்ளைகளோடு செய்வது கூடியது, பிள்ளைகளின் எழுத்தறிவுத் திறனிலும் முன்னேற்றம் தெரிந்தது. செயலிகூட இல்லை, வெறும் குறுஞ்செய்தி. குளிக்கும்போது சோப்பு உறையில் எழுத்தைத் தேடுவது மாதிரி, எப்படியும் செய்கிற வேலைக்குள்ளேயே அவை நுழைந்துகொள்ளும் தன்மைதான் இப்படிப்பட்ட குறிப்புகளின் பலம்.

ஆனால் எல்லா இடத்திலும் குறுஞ்செய்தி மட்டும் போதவில்லை. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது போட்ஸ்வானாவில் ஒரு சோதனை நடந்தது. சில குடும்பங்களுக்கு வாரம் ஒரு கணக்குக் குறிப்பு குறுஞ்செய்தியில் போனது. வேறு சில குடும்பங்களுக்கு அதோடு சேர்த்து, வாரம் ஒரு முறை பதினைந்து இருபது நிமிடம் போன் பேசி, பெற்றோரையும் பிள்ளையையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். போன் பேசிய குடும்பத்துப் பிள்ளைகளிடம் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. வெறும் குறுஞ்செய்தி போன குடும்பங்களில் அப்படித் தெரியவில்லை. வடிவமைப்பவருக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. செயலியில் பெரிதாக இருக்க வேண்டிய பொத்தான்களில் ஒன்று ‘டீச்சரிடம் பேச நேரம் கேள்’. டீச்சரின் சொந்த நம்பரைக் காட்டாமலே அழைப்பை இணைக்கலாம். அவர் கொடுத்த நேரத்துக்குள் மட்டும் இணைக்கலாம்.

சேருவது எவ்வளவு சுலபம் என்பதும் அதே அளவு முக்கியம். வாஷிங்டனில் நடந்த ஓர் ஆய்வில், பள்ளித் தகவல்களைப் பெறப் பெற்றோரே இணையத்தில் போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்று வைத்தபோது நூற்றுக்கு ஒருவர்கூடச் சேரவில்லை. தானாகச் சேர்த்துவிட்டு, வேண்டாம் என்பவர் விலகலாம் என்று வைத்தபோது தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் தொடர்ந்தார்கள். அக்கறை இல்லாத பெற்றோர் என்று நாம் முடிவுகட்டுகிற இடத்தில் உண்மையில் இருப்பது நாம் வைத்த ஒரு தடையாக இருக்கலாம். நம் ஊரில் பெற்றோரின் சம்மதம் வாங்கிச் செய்வதே முறை என்பதால் அப்படியே தானாகச் சேர்க்க வேண்டாம். பாலக் சபா என்ற பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில், பெற்றோர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, எல்லாவற்றையும் தமிழில் சொல்லிச் சம்மதம் வாங்கி, அங்கேயே போனில் அமைத்துக் கொடுத்துவிடலாம்.

அடிக்குக் காரணமாகாத செயலி

இதைப் பற்றி வடிவமைப்புப் பேச்சில் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்ற செய்தி ராத்திரி ஒன்பது மணிக்கு, பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்த அப்பாவின் கையில் விழுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். பள்ளியில் பிள்ளையை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. வீட்டுக்குள் நம் செய்தி எப்படிப் போய் இறங்குகிறது என்பதை யோசிக்க வேண்டியவர் அதை அனுப்புகிறவர்தான்.

அதனால் ‘வரவில்லை’ என்பது தனியாகப் போகவே கூடாது. கூடவே பிள்ளைக்கு வந்துவிட்ட ஒன்றும், ஐந்து நிமிடத்தில் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்றும் போக வேண்டும். செய்தி வீட்டுக்குப் போகும் முன் பிள்ளைக்கு வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டும். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாமல் செய்தி போகிறது என்ற பயம் வந்துவிட்டால் பிள்ளை தவறுகளை மறைக்கத் தொடங்கும். தவறு மறைந்தால் மேலே பார்த்த அந்த 35-ஐ யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ரேங்க் வேண்டவே வேண்டாம். வகுப்புச் சராசரியும் வேண்டாம். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் உதவும். சில மாணவர்களுக்கு மார்க் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குறிப்பின் பலன் கிடைக்கவில்லை. மார்க்கைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. பெற்றோரும் அப்படித்தான். பள்ளி மார்க் கொடுத்தே தீரும் என்றால் அது உள்ளே இன்னொரு பக்கத்தில் இருக்கட்டும்.

“எல்லாம் வாட்ஸ்ஆப் குரூப்பிலேயே நடக்கிறதே, தனிச் செயலி எதற்கு?” என்று கேட்பவர்களுக்கும் இங்கேதான் பதில். குரூப்பில் லீவு அறிவிப்பு போடலாம், நோட்டு வாங்கச் சொல்லலாம். ‘நாளைக்குள் முடிக்காதவர்கள்’ என்று ஆறு பிள்ளைகளின் பெயரை அறுபது பேர் பார்க்கப் போடுவது அந்த ஆறு வீட்டையும் தலைகுனிய வைக்கும். ஒரு பிள்ளையின் படிப்பு அந்த வீட்டுக்கும் டீச்சருக்கும் இடையில் இருக்க வேண்டிய விஷயம்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குள் இருக்கும் எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும். பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும், அதை வைத்து அவர்களுக்கு விளம்பரம் காட்டுவதையும் 9-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் வந்த விதிகள் பள்ளிகளுக்குப் படிப்பு, பாதுகாப்பு இரண்டின் பொருட்டு மட்டும் விலக்குத் தருகின்றன. சட்டத்தை விடுங்கள், பிள்ளையின் குரல் பதிவு நம்மிடம் இருக்கிறது என்றால் அது எவ்வளவு நாள் இருக்கும், யார் கேட்பார்கள், அம்மா அழிக்கச் சொன்னால் எப்படி அழியும் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். பள்ளி ஆண்டு முடிந்ததும் பதிவைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு நாம் அழித்துவிடுவது நல்ல வழக்கம்.

தாளில் தொடங்குங்கள்

இதையெல்லாம் படித்துவிட்டுச் செயலி செய்யக் கிளம்புகிறவர் முதலில் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். போன் அளவுக்கு வெட்டிய தாளில், பெரிய எழுத்தில், முதல் திரையை எழுதுங்கள்: “முத்து இப்போது சொற்களை வாசிக்கிறான். அடுத்து: சிறு பத்தி. இன்று: கடைப் பலகைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.” தாராவியில் 90 அடி சாலையில் நடந்தால் ஒரே வரிசையில் மராத்தி, இந்தி, தமிழ், இங்கிலீஷ் பலகை எல்லாம் இருக்கும், அதைவிட நல்ல வாசிப்புப் புத்தகம் கிடைக்காது. அந்தத் தாளை அம்மா ஒருவரிடம் கொடுத்துவிட்டு நாம் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே விரல் வைக்கிறார், எதை இரண்டாம் தடவை வாசிக்கிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்று மட்டும் பார்க்க வேண்டும். பிறகு ஒரே கேள்வி: “இதப் பாத்துட்டு இன்னைக்கு என்னக்கா செய்வீங்க?” அவர் தன் சொல்லில் ஒரு வேலையைச் சொன்னால் திரை சரி. “நல்லா இருக்கு தம்பி” என்று மட்டும் சொன்னால் தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று எழுதுங்கள். நான்கைந்து வீட்டில் இப்படிப் பார்த்தாலே பெரிய கோளாறுகள் வெளியே வந்துவிடும்.

அதன்பின் ஒரே ஒரு டீச்சர், ஒரு வகுப்பு, ஒரு பருவம். தாள், வாட்ஸ்ஆப்பில் தனித்தனிக் குரல் செய்தி, ஒரு நோட்டு, இவ்வளவுதான் கருவி. சம்மதம் இதற்கும் வாங்க வேண்டும். டீச்சருக்கு வாரத்துக்கு எத்தனை நிமிடம் போகிறது, எந்தக் குறிப்பை வீடுகள் உண்மையில் செய்து பார்த்தன, எதைக் கேட்டதும் அம்மாக்கள் திரும்ப அழைத்தார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செயலி வந்த பிறகும் இதே கணக்குதான். எத்தனை பேர் தினமும் திறக்கிறார்கள், எத்தனை நிமிடம் திரையில் இருக்கிறார்கள் என்பதை முதலீட்டாளர் கேட்பார். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்து, காசை எடுத்துப் பிள்ளை முன் பரப்பிய வீடுகள் எத்தனை என்பதை அம்மாக்களிடமும் பிள்ளைகளிடமும் கேட்டுத்தான் அறிய முடியும். மாதம் ஒரு முறை பத்து வீட்டுக்கு அழைத்துக் கேட்க ஒருவரை நியமித்துவிட்டுச் செயலியை வெளியிடுங்கள்.